பெயரை மட்டும் சொல்லாதவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. தலையே போனாலும் உங்கள் ரகசியத்தை வெளியே விடமாட்டார்கள். ஒரே சிக்கல், உங்கள் பெயர்தான் ரகசியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் பொதுச்சொத்து. எல்லாத் தொழிலிலும் இந்த வகை இருக்கிறது. மனநல ஆலோசகராகப் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டால் அதன் முழு வளர்ச்சியைக் காணலாம்.

எங்கள் பகுதி ஆலோசகர் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். அறையைப் பார்த்தாலே உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். பேச்சு வெளியே கசியாமல் இருக்கக் கதவு விளிம்பில் ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு இரட்டைத் திரை, வாசலில் இரைச்சல் போடுவதற்கென்றே ஒரு பழைய மின்விசிறி, குறிப்புகளை வைக்க இரும்பு அலமாரி, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டின் சாவியை வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்கும் ஒரு பூட்டு. பூட்டில்லாதது ஒன்றுதான். அது தினமும் காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகும்.

வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அகராதியில் அதற்கு அனுபவப் பகிர்வு என்று பெயர். வந்தவர்களைப் பற்றி வெளியே பேச நேர்ந்தால் அடையாளத்தை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவர் படித்த பாடம். மாற்றுவார். ஒன்றே ஒன்றை.

ஒரு முறை பல் மருத்துவர் ஒருவர் அவரிடம் போனார். என் சகலைதான். கருவியைக் கையில் எடுத்தால் விரல் நடுங்குகிறது, அதனால் பல் பிடுங்குவதை நிறுத்திவிட்டு மருந்து மட்டும் எழுதித் தருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை பூங்கா பெஞ்சில் ஆலோசகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேரு மட்டும் கேக்காதீங்க."

"நாங்க எங்க சார் கேட்டோம்?" என்றார் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"கேட்டாலும் சொல்லமாட்டேன். தொழில் தர்மம்."

"அப்ப தெருவையாவது சொல்லுங்க."

"தெருவுக்கா மானம் போகப் போகுது? தண்ணித் தொட்டிக்கு எதிர்த் தெரு. ஒரு சலூன்காரர்னு வெச்சுக்குங்களேன். கத்தியை எடுத்தா கை வெடவெடன்னு ஆடுது."

ஏன் சலூன்காரர்? குமாஸ்தா என்று மாற்றியிருக்கலாமே? மாற்றியிருக்கலாம். ஆனால் குமாஸ்தாவின் கை நடுங்கினால் யாருக்கு என்ன? அடுத்தவர் முகத்தருகே கூரான சாமான் பிடிக்கிற தொழிலாக இல்லாவிட்டால் கதைக்கு உயிர் ஏது?

தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெருவில் பல் மருத்துவரும் ஒருவர்தான். சலூன்காரரும் ஒருவர்தான்.

முதலில் ஷேவிங் நின்றது. "தாடி வளர்க்கலாம்னு இருக்கேன்" என்று போஸ்ட்மாஸ்டர் புதுமாப்பிள்ளையைப் போல நெளிந்தார். பிறகு முடிவெட்டுவதும் நின்றது. சலூன்காரர் வேலையாளை அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியைத் துணி போட்டு மூடினார். கடையையே மூட வேண்டிவருமோ என்ற கவலையில் அவருக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனதில் கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்குகிறவர் எங்கே போவார்? மருந்துக்கடைக்கு மேல்மாடிக்குத்தான்.

மனைவியோடு போனார். ஆலோசகர் கதவருகிலேயே மறித்தார்.

"நீங்க வெளிய உக்காருங்கம்மா."

"கட்டின பொண்டாட்டி சார் நான். எனக்குத் தெரியக் கூடாதா?"

"அவ பக்கத்துல இருந்தாத்தான் சார் எனக்குப் பேச்சே வரும்" என்றார் சலூன்காரர்.

"பழகிக்கணும். நாங்க படிச்ச புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. இங்க பேசறது இந்தச் சுவரைத் தாண்டாது."

சுவரைத் தாண்டவில்லை. படி வழியாக இறங்கிப் பூங்காவுக்குப் போயிற்று.

"பேரு மட்டும் கேக்காதீங்க. அதே தெருதான். இந்தத் தடவை ஒரு பல் டாக்டர்னு வெச்சுக்குங்களேன். கை அப்படி நடுங்குது."

போஸ்ட்மாஸ்டர் தாடிக்குள் விரலை விட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, நாளைக்குக் கடைவாய்ப் பல்லைக் காட்டலாம்னு இருந்தேனே!"

சொந்தக் கையின் செய்தி ஊரைச் சுற்றிவிட்டுத் தன்னிடமே வந்து சேர்ந்ததும், சகலை மாடிப்படி ஏறினார்.

"பார்க்குல என்னைப் பத்தி என்னய்யா சொன்னே?"

"சத்தியமா உங்களைப் பத்தி இல்ல டாக்டர்! அது சலூன்காரர் விஷயம். உங்களை நான் சலூன்காரர்னுல்ல சொல்லியிருந்தேன்!"

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிரபராதியின் தெளிவு இருந்ததாம்.

சகலை அவரோடு சண்டை போடவில்லை. நேரே சலூனுக்குப் போனார். தெருவில் நல்ல நடமாட்டம். மூடியிருந்த நாற்காலியின் துணியை எடுத்துவிட்டு, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"கை நடுங்குதுன்னு முதல்ல சொன்னது என்னைத்தான். எனக்குப் பதிலா நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஷேவ் பண்ணுங்க."

"இப்ப எனக்கும் நடுங்குதே டாக்டர்."

"மெதுவாப் பண்ணுங்க. எனக்கும் அவசரமில்ல. என் கிளினிக்குக்கும் யாரும் வரலை."

சலூன்காரரின் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, "நான் இருக்கலாமா?" என்று கேட்டார். "தாராளமா இரும்மா" என்றார் சகலை.

கத்தி கழுத்துக்கு வந்தபோது வாசலில் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. காதுக்குக் கீழே கடுகளவு ஒரு கீறல் விழுந்தது. சகலை கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல நானே பண்ணிக்கிட்டா இதைவிடப் பெரிசா விழும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். போஸ்ட்மாஸ்டர் தாடியைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்து, அடுத்த ஆளாக உட்கார்ந்தார்.

ஆலோசகர் இப்போதும் காலையில் நடக்கப் போகிறார். இப்போதும் பெயர் சொல்வதில்லை.

நானும் யார் பெயரையும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். இன்று மாலைக்குள் நீங்களும் இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள், போன வாரம் உங்கள் மைத்துனி அழுதுகொண்டே சொன்னதைச் சொன்னீர்களே, அதைப்போல. சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. சகலையின் தொழிலை மட்டும் மாற்றிவிடுங்கள். தையல்காரர் வேண்டாம். உங்கள் தெருமுனையில் ஒருவர் இருக்கிறார்.