பதினேழாம் நம்பர் முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் எட்டரைக்குத்தான். டிரிஸ்டன் ஹாலோவேயின் கூடாரத்துக்கு முன்னால் ஆறரைக்கே வரிசை நின்றுவிட்டது. ஒரு கையில் ஐஸ் காபி, தோளில் மடக்கு நாற்காலி, மார்போடு அணைத்தபடி மகளின் லக்ராஸ் பந்தாட்ட மட்டை. சோளக்காட்டு வேலி வரைக்கும் பெற்றோர் கூட்டம். மட்டைகளுக்குச் சொந்தக்காரிகளான பெண்பிள்ளைகள் மைதானத்துப் புல்லில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை. மகளை எந்தக் கல்லூரி டீம் எடுக்கும் என்று கேட்க வேண்டியதெல்லாம் குறி சொல்லும் டிரிஸ்டனிடம்தான்.

வரிசையில் நானும் நின்றேன், ஒளிப்பானேன். எனக்கு முன்னால் ஒரு நீதிபதி. பின்னால் ஒரு இதய டாக்டர். மேரிலாந்தில் இவ்வளவு படித்தவர்களை ஒரே வெயிலில் நிற்க வைக்க வேறு எந்த மனிதனாலும் முடியாது.

டிரிஸ்டன் மட்டையை இரண்டு கையாலும் வாங்குவார். நுனியில் பந்து பிடிக்கிற வலை இருக்கிறதல்லவா, அதில் காதை வைத்து மகளின் 'அதிர்வு' கேட்பார். கண்ணை மூடுவார். ஒரு நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம், "பச்சை தெரியுது... வெள்ளை தெரியுது... பக்கத்துல ஒரு மலை" என்பார். பச்சையும் வெள்ளையும் மலையும் உள்ள கல்லூரிகள் இந்த நாட்டில் வண்டி வண்டியாக இருக்கின்றன. இருந்தாலும் தாய்மார்கள் அழுதார்கள். கட்டணம் என்ற சொல் அவர் காதுக்கு ஆகாது. அதன் பெயர் 'சக்திப் பரிமாற்றம்'. அட்டை தேய்த்தும் பரிமாறிக்கொள்ளலாம்.

இந்த வியாபாரத்துக்கு மூலதனம் ஒரு விதி. பிள்ளைகள் பதினோராம் வகுப்புக்குப் போகும் செப்டம்பர் ஒன்றாம் தேதி வரை, கல்லூரி கோச்சுகள் அவர்களிடமோ பெற்றோரிடமோ ஆள் எடுப்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதனால் கோடை முழுக்க அவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு மைதானத்து ஓரத்தில் ஊமைகளாக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் ஆட்டத்தைப் பார்க்கமாட்டோம், அவர்களைத்தான் பார்ப்போம். கோச் எழுதினால் நல்ல சகுனம். எழுதிவிட்டு நிமிர்ந்தால் மிக நல்ல சகுனம். ஜூன் மாதம் ஒரு கோச் தும்மினார். அன்று மாலையே மூன்று குடும்பங்கள் அந்தக் கல்லூரிப் பெயர் போட்ட குடையை வாங்கிவிட்டன.

டிரிஸ்டனிடம் இன்னொரு பெரிய சேவையும் உண்டு. பரிமாற்றம் கனமாக இருந்தால், கோச்சையே இழுத்துக்கொண்டு வருவார். நிஜமாகவே வந்தார் ஐயா! கிரேமூர் கல்லூரியின் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பார், நோட்டில் எழுதுவார், போய்விடுவார். ஒரு அப்பா ஓடிப்போய்ப் பேச்சுக் கொடுத்தபோது உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். விதியை இப்படி மதிக்கிற மனிதரா என்று எங்களுக்கு மெய் சிலிர்த்தது.

எங்கள் டீமில் பதினேழாம் நம்பர் பிரின். குள்ளமாக இருப்பாள், கறுப்பு ஜடை, புயல் மாதிரி ஓடுவாள். ஓடுவாள் என்று இப்போது சொல்ல முடியாது. மூன்று வாரத்துக்கு முன்னால் முழங்கால் திருகிக்கொண்டது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, ஆகஸ்ட் முடியும் வரை ஓடக்கூடாது, ஓடினால் முழுசாக அறுந்து ஆபரேஷனில் போய் நிற்கும், ஒரு வருஷம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரிஸ்டன் சொன்னது வேறு. ஞாயிறு பத்தரைக்கு அதிர்ஷ்டத்தின் ஜன்னல் திறக்கிறதாம். கிரேமூர் வருகிறதாம். மூடினால் மூடினதுதானாம்.

பிரினின் அம்மா, காரின் என்பவள், அவளை முதலுதவிக் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள், இறுக்கமாக ஒரு கட்டுப் போட. அங்கே ரொபெர்ட்டா. இருபது வருஷமாக இந்த மைதானங்களில் பிள்ளைகளுக்கு ஐஸ் வைத்துக் கட்டுப் போடுகிறவள். என் மகள் ஃப்ரேயாவின் விரலுக்குக் கட்டுப் போட நானும் அங்கே இருந்தேன்.

"என்ன காரின் இது, நடக்கவே நொண்டுறா. ஆட விடப் போறீங்களா?"

"ஒரே ஒரு ஆட்டம் ரொபெர்ட்டா. டிரிஸ்டன் பாத்துட்டாரு. தாங்கும்னுட்டாரு."

"ஸ்கேன் பாத்தாரா?"

"வலையில பாத்தாரு."

ரொபெர்ட்டா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, வலிக்குதும்மா" என்றாள் பிரின்.

"அது பயம் செல்லம். அவரே சொன்னாரு, பயம் வலி மாதிரியே இருக்குமாம்."

தடுத்திருக்க வேண்டும். நானோ குனிந்து ஃப்ரேயாவின் விரலைப் பார்த்தேன். எங்கள் ஃப்ரேயா மட்டையும் அவர் காதில் ஏற வேண்டியிருந்ததே!

"சரி, ஒண்ணு பண்ணுவோம்" என்றாள் ரொபெர்ட்டா. "அவர் கேக்குறது பிரினோட அதிர்வுதானே? சட்டையோட அதிர்வு இல்லையே?"

"சேச்சே, பிரினோடதுதான்."

"அப்ப முதல் பாதியில பதினேழாம் நம்பர் சட்டையை ஃப்ரேயா போட்டுக்கட்டும். பிரின் என்கூட வரட்டும். கிரேமூர் கோச் அதிர்வைத் தேடி வர்றவர்னா பிரின் இருக்கிற இடத்துக்குத்தானே வருவாரு? அப்படி வந்துட்டா, ரெண்டாம் பாதிக்கு நானே கட்டுப் போட்டு அனுப்புறேன்."

"டிரிஸ்டன்கிட்ட சொல்லிடலாமா?"

"எதுக்கு? அவருக்குத் தெரியாமலா போயிடும்?"

காரினுக்கு இதில் ஞானியின் பெருமைதான் தெரிந்தது. சம்மதித்துவிட்டாள். எங்கள் டீம் கோச்சும் தலையாட்டினார். அவருக்கும் பிரின் முழங்காலைப் பற்றிக் கவலை.

ஃப்ரேயாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு, செம்பட்டை முடி. பிரினோடு அவளைக் குழப்பிக்கொள்ள வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டால்தான் முடியும். டிரிஸ்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்தரை. கூடாரம் நிறைந்து வழிந்தது. நடுவில் டிரிஸ்டன், காதில் பிரினின் மட்டை. முதல் வரிசையில் காரின், கைகூப்பியபடி. பின்வரிசையில் பெரிய தொப்பியும் ரொபெர்ட்டாவின் நீலச் சட்டையுமாக, முழங்காலில் ஐஸ் பையோடு பிரின்.

"ஓடுறா..." என்றார் டிரிஸ்டன். "மான் மாதிரி ஓடுறா. இடது தோள் திரும்புது. கோச்சோட பேனா அசையுது."

கூட்டம் பெருமூச்சு விட்டது.

"முழங்காலுக்குள்ள வெளிச்சம் பாயுது. வலி போயிடுச்சு. வலியே இல்ல."

"வலிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

டிரிஸ்டன் கண்ணைத் திறக்கவில்லை. "யாரோ கெட்ட சக்தி பேசுது. அதை வெளியில அனுப்புங்க."

காரின் திரும்பிப் பார்த்தாள். கெட்ட சக்தி தொப்பியைக் கழற்றியது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அது என் பொண்ணு" என்றாள் காரின். "டிரிஸ்டன், கண்ணைத் திறங்க. அது என் பொண்ணு."

திறந்தார். பிரினைப் பார்த்தார். சளைக்கிற ஆளா? "உடம்பு இங்க இருக்கு. ஆத்மாதான் அங்க ஆடுது" என்றார்.

நீதிபதி தலையாட்டினார். தீர்ப்புச் சொல்லிப் பழகிய தலை அது.

"அப்படியா? கோச் எதைப் பாக்குறாருன்னு போய்ப் பாக்கலாம், வாங்க" என்று ரொபெர்ட்டா நடந்தாள். கூட்டம் பின்னால் போனது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர் நின்றிருந்தார். அவர் பார்வை பதினேழாம் நம்பர் சட்டையிலேயே இருந்தது. சட்டைக்குள் இருந்த என் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் ரொபெர்ட்டா.

அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"அந்த விதி புள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும்தான். நான் ஐஸ் வைக்கிறவ, என்கூடத் தாராளமாப் பேசலாம். லக்ராஸ்ல ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவாங்க?"

அவர் மைதானத்தைப் பார்த்தார். எண்ணிப் பார்க்க முயன்றார். பிள்ளைகள் அசையாமல் நின்றால்தானே எண்ணுவதற்கு?

"ஒன்பது" என்றார்.

ஆடுவது பன்னிரண்டு பேர். ரிசர்வில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொபெர்ட்டா கையை நீட்டினாள், அவரும் நோட்டைக் கொடுத்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் மீன் படம். துடுப்பு, செதில், மீசை எல்லாம் வைத்து நன்றாகவே வரைந்திருந்தார். கோடை முழுக்க எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் கெளுத்தியும் கெண்டையுமாக அந்த நோட்டில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது.

அவர் பெயர் டக். தரைவிரிப்பு விற்பவர். டிரிஸ்டனின் மச்சான். "நம்பரை மட்டும் போன்ல அனுப்புவான், சட்டையும் அவன் வாங்கிக் குடுத்ததுதான்" என்று பாவம், உடனே சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பி வருவதற்குள் டிரிஸ்டன் கூடாரத்தை மடித்துக் காரில் ஏற்றிவிட்டார். ஆத்மாவை விட்டு உடம்பு இவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

காரின் புல்லில் உட்கார்ந்து மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மூணு வாரமா சொன்னியே கண்ணு, நான் காதுலயே வாங்கலையே" என்று வாய்விட்டு அழுதாள். பிரின் அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பேசாமல் நின்றவன்தானே.

இரண்டாம் பாதியில் பிரின் ஆடவில்லை.

கூட்டம் கலையவில்லை. இதய டாக்டர் மட்டையை அணைத்துக்கொண்டே ரொபெர்ட்டாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரொபெர்ட்டா, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? உங்களுக்கு ஏதாவது... சக்தி இருக்கா?"

"இருக்கு. புள்ளைங்ககிட்ட 'எங்க வலிக்குது'ன்னு கேப்பேன். சொல்லுவாங்க. நம்பிடுவேன்."

டாக்டர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். பின்னால் நான்கு பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள்.

"இதை எங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா? எவ்வளவு ஆகும்?"

"உங்களுக்குக் கட்டுப்படியாகாது டாக்டர்" என்றாள் ரொபெர்ட்டா. "இதுக்குச் சொந்தமா யோசிக்கணும். முடியுமான்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க."