இரண்டு இருமல்

சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரமாகியும் நாணு ஐயர் மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. கை காய்ந்துவிட்டது. தட்டும் காய்ந்துவிட்டது.

"இன்னும் மோர் வேணுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி விசாலாக்ஷி.

"வேண்டாம்."

"பின்னே என்னத்துக்கு உக்காந்துண்டிருக்கேள்?"

"சும்மாத்தான். காத்து நன்னா வரது."

மாதுங்காவில் மூன்றாவது மாடியிலிருந்த அந்தச் சமையலறைக்கு ஜன்னலே கிடையாது. விசாலாக்ஷி கரண்டியை வைத்துவிட்டு வந்து கணவரின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். இடது முழங்கால் 'டக்' என்றது.

"இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கு," என்றாள்.

இருபத்தாறாம் நாள் மகள் ஷ்யாமளாவுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பாவும் பிள்ளையின் அப்பாவும் பாயில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, லக்னப் பத்திரிகை வாசித்து, தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நாணு ஐயரின் முழங்கால் சமாசாரம் பிள்ளை வீட்டாருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. போன வருஷம் பக்கத்துக் கட்டடத்தில் நிச்சயமாகவிருந்த ஒரு சம்பந்தம், பெண்ணின் மாமாவுக்கு ஆஸ்துமா என்று தெரிந்ததும் நின்றுபோயிற்று. இத்தனைக்கும் அந்த மாமா இருந்தது கல்கத்தாவில். அப்பாவுக்கே வாதம் என்றால் வம்சத்துக்கே வாதம் என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை?

போதாக்குறைக்குப் பிள்ளையின் அப்பா வெங்கடேஸ்வர ஐயர் கடுமையான மனிதராகத் தெரிந்தார். செம்பூரில் சொந்த வீடு. மழை இல்லாத மாசத்திலும் கையில் குடை. பெண் பார்க்க வந்தவர் உட்காரவே இல்லை. சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் கூடத்து ஜன்னலோரம் நின்றபடியே தின்றார். இரண்டாவது தட்டையும் அப்படியேதான் தின்றார்.

புறப்படும்போது அவர், "நிச்சயதார்த்தத்தை நாற்காலி போட்டே நடத்திடலாமே. காலம் மாறிண்டு வரது," என்றார்.

நாணு ஐயர் வாயைத் திறப்பதற்குள் விசாலாக்ஷி முந்திக்கொண்டாள்.

"அதெப்படி? எங்காத்துல ஆசாரத்தை விடறதில்லை. பாய்தான்."

வெங்கடேஸ்வர ஐயரின் முகம் சுருங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கம்பீரமாக இறங்கிப் போனார்.

"நடையைப் பாருங்கோ, மகாராஜா தோத்தார்," என்றாள் விசாலாக்ஷி. "நாற்காலின்னு சொல்லி நம்மளைச் சோதிச்சுப் பாத்தார் ஆக்கும். நான் இருந்தேனோ, தப்பிச்சேள்!"

தப்பித்தவர் அன்றிரவே வைத்தியத்தை ஆரம்பித்தார்.

முதல் வைத்தியம் விசாலாக்ஷியுடையது. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். உள்ளே இருந்த வலி சட்டென்று மறந்துபோயிற்று, ஏனென்றால் வெளியே தோல் கொப்பளித்துவிட்டது. அது ஆற ஆறு நாள்.

இரண்டாவது வைத்தியத்தை ஆபீஸில் தபால் பிரிக்கும் சாவந்த் சொன்னான். வாலிபத்தில் குஸ்தி பிடித்தவன்.

"அரே நாணு, எண்ணெய் கிண்ணெய் எல்லாம் பேகார், ஒண்ணுக்கும் ஆகாது. தினம் நாற்பது பைட்டக் போடு, போதும்!"

பைட்டக் என்றால் உட்கார்ந்து உட்கார்ந்து எழும் கசரத். நாணு ஐயர் எதையும் முறையாகச் செய்பவர். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டி, தேதி, இலக்கு, செய்தது என்று தலைப்புப் போட்டுக்கொண்டார். முதல் நாள் பதினொன்று செய்தார். பதினொன்று என்பது சரிதானா என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது. கடைசி முறை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதைப் பத்தரை என்று எழுதுவதா, பதினொன்று என்று எழுதுவதா என்று தரையில் இருந்தபடியே வெகுநேரம் யோசித்தார். மறுநாளிலிருந்து வலது முழங்காலும் வலிக்கத் தொடங்கியது.

மூன்றாவது, தாதரில் ஒரு மின்சார வைத்தியர். அவரிடம் ஒரு மரப்பெட்டி, அதிலிருந்து இரண்டு கம்பிகள். கம்பியை முழங்காலில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். நாணு ஐயரைக் கேட்காமலே அவர் கால் எழுந்து வைத்தியரின் வயிற்றில் ஓர் உதை விட்டது.

"பார்த்தீரா, பலம் வருகிறது!" என்றார் வைத்தியர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அடுத்த முறை அவர் எச்சரிக்கையாகத் தள்ளி உட்கார்ந்தார். அதனால் கால் போய் மரப்பெட்டியின் மூலையில் மோதியது. முழங்காலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவு வீக்கம்.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது நாணு ஐயர் தாராவிக்குப் போனார். அங்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரரான நாகூர் மீரான் என்பவர், கோணித் திரை கட்டிய ஓர் அறையில், தோல் ஷாப் தொழிலாளிகளுக்கு எண்ணெய் தடவிச் சுளுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். மீரான் அந்தக் காலைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரு சாமி சுட்டது?"

"ஆத்துக்காரி."

"இந்த வீக்கம்?"

"கரண்ட்."

"அந்தக் காலுக்கு என்ன?"

"கசரத்து."

மீரான் பெருமூச்சு விட்டார். "ஒங்க காலுக்கு நோவு கம்மி சாமி. வைத்தியந்தான் சாஸ்தி."

ஒரு வாரம் காலையும் மாலையும் எண்ணெய் போட்டுத் தடவினார். எட்டாம் நாள் நாணு ஐயர் யார் துணையும் இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

"மீரான் பாய், நீர் தெய்வம்!"

"இப்ப எந்திரிங்க சாமி."

நாணு ஐயர் முயன்றார். மறுபடி முயன்றார்.

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆவும்," என்றார் மீரான் அமைதியாக. "ஒரு வாரத்துல உக்கார வைக்கத்தான் முடியும்."

"நாளைக்கு நிச்சயதார்த்தம் ஓய்! பாயிலேயே குடித்தனம் பண்ணச் சொல்றீரா? என் பொண்ணு கதி என்ன ஆறது?"

"வீடு எங்க?"

நாணு ஐயர் விலாசம் சொன்னார். மீரான் தாடியைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார்.

"நாளைக்கு எனக்கும் அந்தப் பக்கம் ஒரு சோலி இருக்கு. பன்னீர்ச் செம்பு ஒண்ணு குடுங்க, தெளிக்கிற ஆளு மாதிரி ஓரமா நிக்கேன். எந்திரிக்கணும்னா ரெண்டு தடவ இருமுங்க. பின்னால வந்து, பன்னீர் தெளிக்கிறாப்புல குனிஞ்சு தூக்கிருதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"வெளியில மூச்சு விடப்படாது."

"இங்க வாரவுக பேரு இந்தக் கோணியத் தாண்டாது சாமி."

மறுநாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெங்கடேஸ்வர ஐயர் குடையோடு மூன்று மாடி ஏறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் பாயில் உட்கார்ந்தார்.

"கர்வத்தை விட்டுட்டார்," என்று விசாலாக்ஷி மகளின் காதில் சொன்னாள். "ஆமாம், யாரு அந்தத் தாடிக்காரன்?"

"பன்னீர் தெளிக்கறவராம். அப்பா ஏற்பாடு," என்றாள் ஷ்யாமளா.

பத்திரிகை வாசித்தாயிற்று. தட்டு மாறியது. நாயனக்காரர் ஊதி முடித்தார்.

"சம்பந்திகள் ரெண்டு பேரும் எழுந்து நின்னு ஆலிங்கனம் பண்ணிக்கோங்கோ," என்றார் சாஸ்திரிகள்.

யாரும் எழவில்லை.

"பிள்ளையாத்துக்காரா, நீங்க முதல்ல," என்றார் நாணு ஐயர், பவ்யமாக.

"பொண்ணைப் பெத்தவா, நீங்கதான் முதல்ல," என்றார் வெங்கடேஸ்வர ஐயர், அதைவிடப் பவ்யமாக.

"சேச்சே, அது மரியாதை இல்லை."

"நான் முந்தினா அது அழகா?"

கூடம் உருகிப்போயிற்று. "இந்தக் காலத்துல இப்படி ஒரு சம்பந்தியா!" என்று ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேரமாறது," என்றார் சாஸ்திரிகள். "யாராவது ஒருத்தர் எழுந்திருங்கோ."

நாணு ஐயர் மகளை ஒருமுறை பார்த்தார். குருவாயூரப்பனை நினைத்துக்கொண்டார். இரண்டு முறை இருமினார்.

கூடத்தில் நான்கு இருமல் கேட்டது.

பன்னீர்ச் செம்போடு பாய் ஓரம் வரை ஓடிவந்த நாகூர் மீரான், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துத் திகைத்து நின்றார்.

"சாமிகளா, ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து இருமுனா, நான் யார மொதல்ல தூக்கட்டும்?"