ஃபைனலுக்குச் சேமித்த டேட்டா

மில்லர்புரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் தளவாய் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். அதை மாற்ற அவராலேயே முடியாது. சாகுபுரத்தில் மச்சினன் வீட்டில் இண்டர்நெட் டிவியைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் எடுத்த முடிவு இது: இனி வீட்டில் கேபிள் கிடையாது. டிவி என்றால் இண்டர்நெட்தான்.

“காலம் மாறிட்டு பிரேமா. இனி நாம சொல்லுத நேரத்துக்கு டிவி ஓடும். அது சொல்லுத நேரத்துக்கு நாம ஓட வேண்டாம்.”

“நான் எங்கங்க ஓடுனேன்? ஏழரைக்கு உக்காந்துல்லா சீரியல் பாத்தேன்?” என்றாள் மனைவி.

“இனி ஏழரை எதுக்குளா? எப்ப வேணும்னாலும் பாக்கலாம்.”

“நான் காலையில பாப்பேன், பக்கத்து வீட்டு கிரேசி சாயங்காலம் பாப்பா. அப்புறம் யாருகூட உக்காந்து அந்த மாமியாக்காரியத் திட்டுதது?”

தளவாயின் காதில் விழவில்லை. கேபிள் போனது. அத்தோடு விட்டாரா? கிரேசியின் புருஷன் ரோச்சைப் பிடித்து உட்கார வைத்து டிவியின் எதிர்காலத்தை விளக்கினார். ரோச் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு பாரத்தையும் தூக்குவார், தளவாயின் பேச்சை மட்டும் தாங்கமாட்டார். அவர் வீட்டுக் கேபிளும் போனது. “ஒமக்கு இண்டர்நெட் வாரவரைக்கும் மேட்ச் பாக்க நம்ம வீட்டுக்கு வாரும்” என்று பெரிய மனசு பண்ணினார் தளவாய்.

முதல் மாதம் பாதி தாண்டவில்லை. டிவியில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டார்.

“சார், உங்க லிமிட் முடிஞ்சிட்டு. ஒண்ணாந்தேதி வரைக்கும் மெதுவாத்தான் வரும்.”

“கடலுக்கு அடியில ஒயர் போட்டு உலகம் பூரா கொண்டு வாரீங்க. எங்க வீட்டு வாசல்ல வந்துதான் லிமிட்டா?”

போன் வைக்கப்பட்டது.

அடுத்த மாதக் கடைசி ஞாயிறு கிரிக்கெட் ஃபைனல். தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தார். குடிதண்ணீரை ட்ரம்மில் பிடித்து மூடி வைத்தே வளர்ந்த தூத்துக்குடிக்காரர் அவர். டேட்டாவையும் அப்படியே மூடி வைத்துவிட்டால்?

ஒண்ணாந்தேதி காலையில் பிரேமாவைக் கூப்பிட்டார். “வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டேன். ஒன் போனுக்குக் கிடையாது. என் போனுக்கும் கிடையாது. ஃபைனலுக்காக டிவிக்கு மட்டுந்தான் போட்டு வச்சிருக்கேன்.”

“டிவிக்கு மட்டுந்தானா?”

“மட்டுந்தான்.”

“சரிங்க.”

கல்யாணமான நாளிலிருந்து பிரேமா ஒரே சொல்லில் எதற்கும் சரி சொன்னதில்லை. தளவாய்க்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமை வந்தது.

மாதம் முழுக்க வைராக்கியமாக இருந்தார். ராத்திரி கடையிலிருந்து வந்தால் டிவி பக்கம் திரும்பமாட்டார். கை துறுதுறுத்தால் எழுந்து போய் முகம் கழுவுவார்.

ஞாயிறு மதியம் ரோச்சும் கிரேசியும் வந்தார்கள். தட்டு நிறைய மக்ரூன். தளவாய் மணமகன் போலச் சட்டை போட்டு டிவியைப் போட்டார். மைதானத்துப் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“அடேயப்பா! பந்துல தையல்கூடத் தெரியுது அண்ணாச்சி!” என்றார் ரோச்.

“இதுதான்வே எதிர்காலம்.”

எதிர்காலம் சில ஓவர்கள் ஓடியது. பிறகு பந்து வீசுகிறவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வட்டம் வந்தது. டேட்டா டாட்டா காட்டிவிட்டது.

தளவாய் கம்பெனிக்குப் போனைப் போட்டார். “லிமிட் முடிஞ்சிட்டு சார். கூடுதலா ஏத்தணும்னா நாளைக்கு ஆபீசுக்கு வாங்க. இன்னைக்கு லீவு.”

“ஒங்க போன்ல பாப்பமே” என்றார் ரோச். அதிலிருந்த டேட்டாவை, யார் ஜெயிப்பார்கள் என்று நிபுணர்கள் பேசியதைக் கடையில் உட்கார்ந்து பார்த்தே காலையில் தீர்த்திருந்தார் தளவாய். ரோச்சிடம் இருந்தது பட்டன் போன். பெண்கள் போனில் வைஃபை இல்லாமல் எதுவும் ஓடாது.

“மூடி வச்ச டேட்டாவ யாருளா திறந்தது?”

“யாரும் திறக்கல. டிவிக்கு நீங்கதான போட்டு வச்சீங்க? நீங்க கடைக்குப் போனதும் நானும் கிரேசியும் சீரியல மொத எபிசோடுல இருந்து பாத்தோம்.”

“என்னா தெளிவு அண்ணாச்சி! மாமியாக்காரி மூக்குத்திக் கல்ல எண்ணிப்புடலாம்” என்றாள் கிரேசி. ரோச் அவளைப் பார்த்தார். அவள் மக்ரூனைப் பார்த்தாள்.

தளவாய் தளரவில்லை. ஃபைனலைப் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்டாரே! மானத்தை மடித்து வைத்துவிட்டுப் பழைய கேபிள்காரருக்குப் போன் போட்டார்.

“தம்பி, கேபிளத் திரும்பக் குடுக்கணும். இப்பமே.”

“ஒங்க வாசல்லதான் நிக்கேன் அண்ணாச்சி. அக்கா காலையிலேயே வரச் சொல்லிட்டாவ.”

தளவாய் திரும்பினார்.

“டேட்டா முடியப் போகுதுன்னு கம்பெனிலருந்து என் போனுக்கு மெசேஜ் வந்துதுங்க, என் நம்பரத்தான குடுத்திருந்தீங்க” என்றாள் பிரேமா. “நீங்க தவிச்சிருவீங்களேன்னுதான்.”

தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. இவள்மீதா கோபப்பட்டோம்! கேபிள்காரர் பெட்டியை மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. ரோச் கைதட்டினார். தளவாய் ரிமோட்டை வாங்கி அழுத்தினார். சீரியல். இன்னொன்று. அதுவும் சீரியல். சமையல். சாமிப் படம். மறுபடியும் சீரியல்.

“தம்பி, ஸ்போர்ட்ஸ் எங்கடே?”

கேபிள்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஸ்போர்ட்ஸ் பேக் வேண்டாம்னுட்டாவளே அண்ணாச்சி. அவுக அதெல்லாம் இண்டர்நெட்டுல பாத்துக்கிடுவாவன்னு அக்கா சொன்னாவ.”