புது பல்பு போட்ட தாய்மாமன் மாப்பிள்ளைக்கு எழுதுவது

பெரம்பலூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை காலை.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அறிவரசன் அவர்களுக்கு, மைத்துனன் ராசாங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி புவனேஸ்வரியும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்ளவும். அங்கு தாங்களும், என் தங்கை வெற்றிச்செல்வியும், குழந்தை கீதாஞ்சலியும் குறைவின்றி இருக்க மதனகோபாலரை வேண்டுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து பழகிவிட்டதால் பொருளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள்: கடந்த வெள்ளிக்கிழமை குழந்தையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் நேரத்துக்கு வந்து சேராதது. கோரிக்கை: செல்வி என்னோடு பேச வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். செல்வி என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டது. புவனா நம்பரையும் சேர்த்து. உங்களுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா, நான் தப்பா நினைக்கல. அதனால்தான் வூட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்க வேளாண்மை ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுறேன். சாப்பாட்டு நேரத்துல பிரிச்சுப் படிங்க. படிச்சுட்டு, நல்ல நேரம் பாத்து, செல்வி சிரிச்ச முகமா இருக்கும்போது எடுத்துச் சொல்லுங்க. அப்படி ஒரு நேரம் வந்தா.

நடந்தது இது. போன வருஷம் உங்க புது வூடு குடி போனப்ப நான் லேட்டா வந்தேன், ஒத்துக்கறேன். மார்கழி முடிஞ்ச பனி, குன்னம் ரோட்டுல அஞ்சடிக்கு மேல ஒன்னும் தெரியல, என் வண்டி லைட்டு சிம்னி விளக்கு மாதிரி எரிஞ்சுது. நான் என்ன பண்றது? செல்வி என்ன சொல்லுச்சு? உங்க சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடி, "எங்கண்ணன் வர்றதுக்குள்ள பால் காய்ச்சி, குடிச்சு, பாத்திரமும் கழுவிக் கவுத்தாச்சு"ன்னு சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா மனசுல வெச்சுக்கிட்டேன் மாப்பிள்ளை. காதுகுத்துக்கு நான்தான் முதல் ஆளா வாசல்ல நிக்கணும், கோலம் போடறதுக்கு முன்னாடி என் வண்டி நிக்கணும்னு வைராக்கியம் வந்துடுச்சு. அம்மா அப்பா இல்லாத செல்விக்குக் கூடப் பொறந்தவன்னு நான் ஒருத்தன்தான். புள்ளைய மடியில வெச்சுக் காது குத்தறது என் பாத்தியதை. அதுக்காகத்தான் கார் லைட்டு பல்ப மாத்தினேன். சொகுசுக்கு இல்ல.

துறையூர் ரோட்டுல கலைச்செல்வன்னு ஒரு பையன் கார் லைட்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் மாட்டற கடை வெச்சிருக்கான். அவன்கிட்ட போனேன். பழைய பல்பக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, "சார், இத வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் ஓட்டுனீங்க?"ன்னு என்னைப் பாத்த பார்வை இருக்கே, டாக்டரு கூட நோயாளிய அப்படிப் பாக்க மாட்டாரு. புது பல்பு வெள்ளை வெளேர்னு எரியற ஜாதி. பின்னாடி ஒரு சின்ன ஃபேன் வேற ஓடுது. போட்டுக் காமிச்சான். எதிர் கடைக்காரர் எழுந்து ஷட்டரை இறக்கிட்டாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. கிளம்பறப்ப அந்தப் பையன் ரகசியமா ஒன்னு சொன்னான், அங்கதான் வெனையே. "சார், இந்த பல்பு கம்பெனி குடுத்ததவிட பவர் சாஸ்தி. செக்கிங்ல பாத்தா வண்டிய ஓரங்கட்டி, கழட்டிட்டுப் போன்னுவாங்க. எதிர்ல வர்ற வண்டி லைட்ட அடிச்சு அடிச்சு அணைச்சா முன்னாடி செக்கிங் நிக்குதுன்னு அர்த்தம். டக்குனு பக்கத்து ரோட்டுல இறங்கிடுங்க"ன்னான். இது எனக்கும் தெரிஞ்சதுதான். நம்ம பக்கம் டிரைவருங்க ஒருத்தருக்கு ஒருத்தர் பண்ணிக்கிற ஒத்தாசைதானே.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் நாலரைக்குக் கிளம்பிட்டோம். முகூர்த்தம் ஆறிலேர்ந்து ஏழரை. அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர். தவழ்ந்து போனாக்கூட அஞ்சரைக்குப் போயிடலாம். பின் சீட்டுல சீர்த் தட்டு ஒம்போது, மொட்டைத் தலைக்குப் பூச ஒரு கிண்ணம் சந்தனம் அரைச்சு புவனா மடியில, தோடு என் சட்டைப் பாக்கெட்டுல. லைட்டப் போட்டேன். ஆகா! வெளிச்சம்னா வெளிச்சம், ஆனா ரோட்டுல விழல. புளியமரத்து உச்சியில விழுந்துச்சு. அடைஞ்சிருந்த கொக்கு எல்லாம் எழுந்து பறந்துச்சு. வழியில ஒரு ஊருல சேவல் கூவிடுச்சு. "ரோடு தெரியுதாங்க?"ன்னு புவனா கேட்டுச்சு. கிளையெல்லாம் தெளிவா தெரியுதுன்னு சொன்னேன்.

டவுன தாண்டல, எதிர்ல ஒரு சிமெண்ட் லாரி. லைட்ட அடிச்சு அடிச்சு அணைச்சான். ஆத்தாடி, செக்கிங்! வண்டிய ஓரங்கட்டிட்டா பாப்பா காதுக்கு யாரு மடி? உடனே இடது பக்கம் ஒரு ஊர் ரோட்டுல இறங்கிட்டேன். இறங்கறதுக்கு முன்னாடி அந்த லாரிக்காரருக்கு நன்றி சொல்லணுமா இல்லையா, நானும் ஹைபீம மூணு தடவ அடிச்சேன். அவரு ஜன்னல் வழியா கையை நீட்டி என்னமோ சொன்னாரு. புவனா, "அவரு திட்றாருங்க"ன்னுச்சு. "திட்டறவன் ஹாரன் அடிப்பான், லைட் அடிக்கிறவன் ஒத்தாசை பண்றவன், உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்"னு சொன்னேன். அந்த ஊர் ரோட்டுல ஒரு பால் வண்டி. அவரும் அடிச்சாரு. அங்கேயும் செக்கிங்! வேற ரோடு. அதுல ஒரு மினி பஸ். அவரும்! எனக்குப் பயமே வந்துடுச்சு மாப்பிள்ளை. மாவட்டத்துல இருக்கற போலீசு மொத்தமும் இன்னிக்கி ரோட்டுக்கு வந்துட்டாங்களா, யாராவது மந்திரி வர்றாங்களான்னு நெனச்சேன். ஆனா ஒன்னு, நம்ம சனங்க மனசே மனசுன்னு நெகிழ்ந்து போயிட்டேன். முன்ன பின்ன தெரியாத மனுஷனுக்கு இத்தனை பேரு எச்சரிக்கை பண்றாங்களேன்னு ஒவ்வொருத்தருக்கும் தவறாம ஹைபீம் அடிச்சு நன்றி சொன்னேன்.

அப்படி நான் நன்றி சொன்ன ஒரு மோட்டார் சைக்கிள்காரரு நேரா ரோட்டோரம் காயப் போட்டிருந்த மக்காச்சோளக் குவியல்ல ஏறிட்டாரு. அடி ஒன்னும் இல்ல, சோளம் மெத்தை மாதிரி தாங்கிடுச்சு. ஆனா சோளத்துக்குக் காவல் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, "இத வாரிக் குடுத்துட்டு நகரு, இல்லேன்னா சாவியக் குடுத்துட்டு நகரு"ன்னு வண்டிக்கு முன்னாடி குந்திக்கிச்சு. பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அரை மணி நேரம் சோளம் தள்ளினேன். அந்த மோட்டார் சைக்கிள்காரரும் கூட நின்னு தள்ளினாரு. தள்ளிக்கிட்டே என்னைக் கேட்டாரு, அவர் கேட்டதைக் கடிதத்துல எழுத முடியாது.

அதுக்கப்புறம் வழியக் கேட்டுக் கேட்டு, ஒரு பெரிய ரோடு வந்துச்சு. அப்பாடா, அரியலூர் ரோடுன்னு ஏறிட்டேன். நடுவுல தடுப்பு, ரெண்டு பக்கமும் அகலமான ரோடு. எதிர்ல யாரும் லைட் அடிக்கல, நிம்மதியா ஓட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் புவனா மெதுவா கேட்டுச்சு, "ஏங்க, அரியலூர்ல ஏதுங்க கோட்டை?" நிமிர்ந்து பாத்தா ரஞ்சன்குடிக் கோட்டை. மெட்ராஸ் ரோட்டுல, மெட்ராஸப் பாத்து, சீர்த் தட்டோட போயிக்கிட்டிருக்கோம். மணி ஆறே கால்.

அப்பத்தான் முன்னாடி போயிக்கிட்டிருந்த லாரி நின்னுச்சு. டிரைவரு இறங்கிக் கண்ணுக்குக் கையைக் குடை மாதிரி புடிச்சுக்கிட்டு வந்தாரு. வயசான மனுஷன். "சார், அஞ்சு கிலோமீட்டரா என் கண்ணாடியில உங்க லைட்டத் தவிர ஒன்னும் தெரியல. முன்னாடி போறவன் பொழைக்க வேணாமா?"ன்னாரு. நான் முழு விவரமும் சொன்னேன். காதுகுத்து, செக்கிங், ஒத்தாசை எல்லாம். அவரு பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "சார், பகல்ல அடிச்சா போலீசு. இருட்டுல அடிச்சா உங்களத் திட்றான்"னாரு. புவனாவப் பாத்தேன் மாப்பிள்ளை. சந்தனக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

சந்தன விஷயத்துக்கு வர்றேன், இதைச் செல்விக்கு நீங்க நல்லா விளக்கணும். அந்தக் காலத்துல லைட்டுக் கண்ணாடியில மேல் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பாங்க, வெளிச்சம் எதிர்ல போகாம இருக்க, இப்ப எதையாவது பூசுங்க சார்னு அந்த டிரைவருதான் சொன்னாரு. விடியாத நேரத்துல ரோட்டுல எதைப் பூசறது? இருந்தது சந்தனம். நான் கேட்டேன், புவனா முடியாதுன்னுச்சு, நான் பூசினேன். பூசி முடிச்சுக் கையைத் துடைக்கிறேன், விடிஞ்சுடுச்சு. லைட்டே தேவைப்படல.

தடுப்புல திரும்ப எடம் தேடி, மறுபடி வழி கேட்டுக் கேட்டு, உங்க வூட்டு வாசலுக்கு வர்றப்ப எட்டு அம்பது. பந்தி நடந்துக்கிட்டிருந்துச்சு. எங்க சித்தப்பா மகன் பழனிவேல் தோள்ல பாப்பா தூங்குது, தலையச் சுத்தித் துண்டு. பழனிவேல் நல்ல பையன்தான், நான் ஒன்னும் சொல்லல, தாய்மாமன் முறைதான் அவனுக்கும். ஆனா அவன் வேட்டியில ஒரு சொட்டு ரத்தம் இருந்துச்சு, பாப்பா காதுலேர்ந்து விழுந்தது. அது என் வேட்டியில விழ வேண்டியது மாப்பிள்ளை. செல்வி வெளியில வந்துச்சு. என்னைப் பாக்கல. வண்டியோட ரெண்டு கண்ணையும் பாத்துச்சு. "என் புள்ள தலைக்கு வெச்ச சந்தனத்தக் காருக்குப் பூசிக்கிட்டு வந்திருக்கியா?"ன்னு கேட்டுட்டு உள்ள போயிடுச்சு. நான் தோட்டை எடுத்து நீட்டினேன், நீட்டின கை அப்படியே நின்னுச்சு. உங்க அம்மாதான் சாப்பிடுங்கன்னு கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. நீங்க சாம்பார் வாளியோட வந்தீங்க, என் முகத்தைப் பாக்காம இலையப் பாத்து ஊத்திட்டுப் போனீங்க.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், மேற்படி பல்புகள் இரண்டும் சனிக்கிழமையே கழற்றப்பட்டு, பழைய பல்புகள் பொருத்தப்பட்டுவிட்டன. நான் நேரத்துக்குக் கிளம்பினவன் என்பதற்குப் புவனா சாட்சி. காது குத்தினது குத்தினதுதான், அதை யாரும் திருப்ப முடியாது. பாப்பாவை ஒரு தடவை, சும்மா, விசேஷம் எதுவும் இல்லாமல், என் மடியில் அஞ்சு நிமிஷம் வைத்துக்கொள்ளச் செல்வி சம்மதிக்க வேண்டும். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, வாயைத் திறந்து திட்டச் சொல்லவும். இந்த நாலு நாளா வூட்டுல போன் அடிச்சாலே எழுந்து எழுந்து ஓடுறேன், எல்லாம் லோன் வேணுமான்னு கேக்கறவங்க.

பாப்பாவுக்கு மாமனின் ஆசி நிறைய. தலைமுடி கருகருவென்று வளரட்டும், குணம் அவள் அம்மாவைப் போல இருந்தாலும் நல்லபடியாக இருக்கட்டும். உங்க அம்மாவுக்கு என் கும்பிடு. தங்களுக்கு உத்தியோக உயர்வு சீக்கிரம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
மைத்துனன் ராசாங்கம்.

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டி, கவரை ஒட்டப் போற நேரத்துல செல்வியே போன் பண்ணிடுச்சு. ஹலோ கூட இல்ல. "புள்ள ஒத்தக் காதுல கம்பியோட திரியுது, தெருவே கேக்குது, நீ அங்க என்னதான் பண்ற?"ன்னுச்சு. எனக்கு ஒன்னும் விளங்கல. வலது காது குத்தி முடிச்சு ஆசாரி இடது பக்கம் திரும்பினாராம். செல்வி புள்ளைய வெடுக்குனு தூக்கிடுச்சாம். "இது எங்கண்ணனுக்கு. அவன் எப்ப வர்றானோ வரட்டும்"னு அத்தனை பேரு முன்னாடி சொல்லிடுச்சாம். போனை எடுக்கலைன்னா நான் நேர்ல ஓடி வருவேன்னு நாலு நாளா பாத்துச்சாம், வரலைன்னுதான் கோவமாம். நான் வண்டிச் சாவியத் தேட ஓடிட்டேன், புவனாதான் போனை வாங்கிப் பேசுச்சு. நீங்க இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டே சாம்பார் ஊத்தினீங்களே மாப்பிள்ளை, அதை நேர்ல கேட்டுக்கறேன். மேல எழுதினது எதையும் படிக்க வேணாம். ஸ்டாம்பு ஒட்டிட்டதால அனுப்பறேன். இப்பவே கிளம்பறோம், நல்ல வெயில் அடிக்குது. ஆசாரிக்குச் சொல்லி வெச்சுடுங்க. இந்தக் கடிதம் உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி பாப்பா என் மடியில இருக்கும்.