பார்க்காத கல்யாணத்துக்குக் கையெழுத்துக் கிடையாது

எனக்குத் தெரிந்து சிங்கப்பூரில் பொய்யே சொல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். இன்னொருவர் இருந்திருந்தால் தீவு தாங்கியிருக்காது. அவரோடு ஒரே அறையில் பல வருஷம் பாய் விரித்துப் படுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உண்மை பேசுகிறவர்களைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவது உடம்புக்கு நல்லது.

அவருக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். டன்லப் ஸ்ட்ரீட் மாடியில் குடியிருந்த எங்களுக்கு அவர் டாலி அண்ணன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி அட்டையில் கோடு போடுகிற வேலை. கண் முன்னால் இறங்காத மூட்டைக்கு அவர் கோடு போட்டதில்லை. ஒரு நாள் கண்ணில் தூசி விழுந்து கசக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு மூட்டை வெங்காயம் இறங்கிவிட்டதாம். இரண்டையும் திரும்பக் கப்பலில் ஏற்றி, மறுபடி இறக்கச் சொல்லியிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள் அவரையே தூக்கிக் கப்பலில் ஏற்றிவிடப் பார்த்தார்கள் என்று கேள்வி.

வேலையை வேலையோடு விட்டுவிட்டு வருகிற ஆளும் இல்லை அவர். "வெளியில மழையாண்ணே?" என்று படுத்தபடி ஒருவன் கேட்டால் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "என் கை வரைக்கும் பெய்யுது" என்பார். ஊரில் அவருக்கு மனைவி உண்டு என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொன்னார்கள். இரண்டு கட்சியிடமும் சாட்சி இல்லாததால் அந்த விவகாரம் அப்படியே நின்றுபோயிற்று.

இந்த மனிதரிடம் போய் நான் சிக்கியதற்குக் காரணம் மரகதம். மரகதம் என் மனைவி. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வைகாசி முகூர்த்தத்தில் அவளுக்குத் தாலி கட்டி, ஒரு மாதம்கூட முழுசாகச் சேர்ந்து இருக்காமல் கப்பலேறி வந்துவிட்டேன். ஒரு வீடு பார்த்துக்கொண்டு அப்புறம் கூப்பிடுவதாகத் திட்டம். வீடு கிடைத்தபாடில்லை. அதற்குள் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு புரளி கிளம்பிற்று. ஊரில் இருக்கிற மனைவிமாரை இனி லேசில் உள்ளே விடமாட்டார்களாம், சட்டம் இறுகப் போகிறதாம். தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனால் மீன் விலைக்கு முன்னால் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கதவு சாத்தப்பட்டுவிட்டால் அவள் அங்கே, நான் இங்கே, அவ்வளவுதான்.

குடிநுழைவு அலுவலகத்துக்கு ஓடினேன். முன்மேசைக் குமாஸ்தா நம் ஆள்தான். கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

"நானூறு பேர் சாப்பிட்டாங்க சார்."

"அந்த நானூறு பேரையும் இங்க கூட்டிட்டு வரமுடியுமா? ரிஜிஸ்டர் பண்ணுனீங்களா?"

"எங்க பக்கம் ஐயர் பண்ணுறதுதான் சார் ரிஜிஸ்டர்."

"போட்டோ?"

போட்டோவும் கிடையாது. அந்த முகூர்த்தத்தில் எங்கள் தாலுகாவில் கல்யாணம் நடக்காத வீடே கிடையாது. எங்களுக்கு முன்பணம் வாங்கிய போட்டோக்காரர் பணக்கார வீடொன்றுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இங்க இருக்கறவங்கள்ல யாராவது அந்தக் கல்யாணத்தைப் பார்த்திருக்கணும். சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க லா. நல்ல வேலையில இருக்கற ஆளா பாருங்க" என்றார்.

துறைமுகத்து டாலி கிளார்க்கைவிட நல்ல வேலையில் இருக்கிற ஆளுக்கு நான் எங்கே போவேன்? அன்று சாயங்காலமே அண்ணனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உன் கல்யாணத்தை நான் பார்த்தேனா?"

"பார்க்கலைண்ணே."

"அப்புறம் எப்படிப் போடறது?"

"எல்லாரும் போடறாங்கண்ணே."

"அப்ப எல்லார்கிட்டயும் போய்க் கேளு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் பார்த்தார். பார்த்ததை இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அல்லவா? கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "சரி, நடத்து. பார்க்கறேன்" என்றார்.

"எதைண்ணே?"

"கல்யாணத்தைத்தான்."

விளையாட்டு என்று நினைத்தேன். அவர் ஜென்மத்தில் விளையாடியதில்லை. விஷயம் கேள்விப்பட்டதும் அடுத்த அறை சோமு, "எனக்கும் ஒண்ணு நடத்திடுங்க" என்று வந்து நின்றான். அவன் மனைவியும் ஊரில்தான், அவனுக்கும் அதே தவிப்பு. சனிக்கிழமை என் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை அவன் கல்யாணம் என்று முடிவாயிற்று.

மணப்பெண் வேண்டுமே. அச்சாபீஸில் வேலை பார்த்த வேலாயுதத்தைப் பிடித்தோம். சேலை கட்டிக்கொள்ளச் சம்மதித்தவன் மீசையை மட்டும் தொடவிடவில்லை. "பாஸ்போர்ட்ல மீசையோட இருக்கேன். எடுத்துட்டா நாளைக்கு நான் எப்படி ஊருக்குப் போறது?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டாலி அண்ணன் ஒரு துண்டுத் தாளில் 'மரகதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவன் சேலையில் குத்திவிட்டார். "மூட்டை மேல என்ன எழுதியிருக்கோ அதுதான் சரக்கு. பிரிச்சுப் பார்க்கறது என் வேலை இல்லை" என்று எங்களுக்கு விளக்கமும் சொன்னார்.

பெண்ணின் தகப்பனாராகக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் வந்து உட்கார்ந்தார். அண்ணன் அட்டையும் பென்சிலுமாகச் சுவரோரம் அமர்ந்தார். மாலைக்கு ஒரு கோடு. அட்சதைக்கு ஒரு கோடு. சோமு பிஸ்கட் டின்னில் கெட்டிமேளம் தட்ட, நான் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை வேலாயுதத்தின் கழுத்தில் கட்டினேன்.

"ரெண்டு முடிச்சுதான் பார்த்தேன். இன்னொரு தரம் கட்டு."

கட்டினேன். அப்போது ஈ ஒன்று குறுக்கே பறந்ததால் மூன்றாவது தடவையும் கட்ட வேண்டியதாயிற்று.

"பொண்ணோட அப்பா அழுதாரா?"

"ஊர்ல அழுதாருண்ணே."

ராவுத்தர் உடனே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். நிஜமாகவே அழுதார். "எனக்கு ஊர்ல மூணு பொண்ணு தம்பி, நெனைச்சாலே வந்துடும்" என்றார். பிஸ்கட் டின் சத்தம் கேட்டு மாடியேறி வந்த பக்கத்துக் கடைச் சீனத் தச்சர், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சிவப்பு உறையில் அங்பாவ் என்கிற மொய்ப்பணம் வைத்து மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேலாயுதம் அதில் யாருக்கும் பங்கு தரவில்லை.

வடை பாயசத்தோடு சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் அண்ணன் சத்தியக் கையெழுத்துப் போடச் சம்மதித்தார். மறுநாள் வேலாயுதம் சோமுவுக்கும் கழுத்தை நீட்டினான்.

இரண்டு மனுக்களும் ஒரே துரையின் மேசைக்குப் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் மூவரையும் கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் நின்றார். துரை இரண்டு தாள்களையும் அக்கம்பக்கமாக வைத்து, ஒரே தேதி, ஒரே காலை நேரம், ஒன்று பட்டுக்கோட்டை, இன்னொன்று காரைக்குடி என்று விரலால் காட்டினார். ஊரே ஒரு நாளில் கல்யாணம் செய்துகொள்கிற வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்காவது அது அன்று ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ரெண்டையும் நீங்க பார்த்தீங்களான்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"பார்த்தேன். ஒண்ணு சனிக்கிழமை, ஒண்ணு ஞாயித்துக்கிழமை."

"தாள்ல ஒரே தேதி இருக்கே?"

"அது அவங்க கட்டின தேதி. நான் சொல்றது நான் பார்த்த தேதி."

சோமு சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க பார்த்தீங்க?"

"டன்லப் ஸ்ட்ரீட் மாடியில."

"பொண்ணு எப்படி இருந்தாங்க?"

அண்ணன் யோசித்துச் சொன்னார். "நல்ல உசரம். மீசை உண்டு."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்ல மூன்று தரம் ஆரம்பித்து மூன்று தரமும் இருமினார். அப்புறம் அண்ணனே தம் துறைமுக இங்கிலீஷில் முழுக் கதையையும் எடுத்துவிட்டார். வேலாயுதம், துண்டுத் தாள், ராவுத்தரின் கண்ணீர், குறுக்கே பறந்த ஈ எதையும் அவர் விடவில்லை. நான் மனசுக்குள் மரகதத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி அவள் முகத்தை எந்தக் காலத்தில் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தபோது மறைக்க முடியாமல் அழுகை வந்துவிட்டது.

துரை என்னையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் நிதானமாக ஏதோ சொன்னார்.

"இல்லாத பொண்டாட்டிக்காக எவனும் மீசைக்காரன் கழுத்துல மூணு தரம் தாலி கட்ட மாட்டான்னு சொல்றார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "சாட்சி செல்லாதாம். ஆனா கல்யாணம் நெசம்னு நம்பறாராம். ஊர் முன்சீப் கிட்டேயிருந்து ஒரு கடுதாசி வாங்கிட்டு வரச் சொல்றார், ரெண்டு பேருக்கும் பெர்மிட் தருவாராம்."

வெளியே வந்ததும் அண்ணனைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று புரியவில்லை. அவரோ, "ஈ பறந்ததை எதுக்குச் சொன்னேன்னு நினைக்கிறியா? கேட்டாரு, சொன்னேன்" என்று நடையைக் கட்டினார். துரை ஈயைப் பற்றிக் கேட்கவே இல்லை. அண்ணன் சொன்னதில் நான் கண்ட ஒரே தவறு அதுதான்.

சில மாதங்களில் நாகப்பட்டினத்திலிருந்து மரகதம் வந்து இறங்கினாள். துறைமுகத்தில் எனக்கு முன்னாலேயே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று.

"தம்பி, நான் சத்தியம் பண்ணினது இந்தப் பொண்ணுக்கு இல்லையே" என்றார்.

"அதான் செல்லாதுன்னுட்டாங்களேண்ணே."

"அவங்களுக்குச் செல்லாது. எனக்கு?"

ஒரு வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் மரகதம்தான் கேட்டாள், "அந்த அண்ணனுக்கு என்னங்க வேணும்?" நம் கல்யாணத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பிறகு அவரிடமே போய், "தாலி மேல தாலி அறுபதாம் கல்யாணத்துக்குத்தாண்ணே கட்டணும்" என்றாள்.

"அதை இப்பவே வச்சுக்கம்மா. அப்ப நான் இருப்பேனான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல முடியாது."

மரகதம் அன்றே மஞ்சள் கயிறு திரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அதே மாடியில், அதே பிஸ்கட் டின் மேளத்தோடு, மரகதத்துக்கு மறுபடி தாலி கட்டினேன். ராவுத்தர் நல்ல சேலையாக ஒன்று வாங்கிவந்து கொடுத்து, அவள் அப்பாவாகவே உட்கார்ந்து, யாரும் கேட்காமலே அழுதார். வேலாயுதம் தோழிப் பெண்ணாக நின்றான். மூன்று முடிச்சும் ஒரே தடவையில் போடச் சொல்லிவிட்டார் அண்ணன். அட்டையில் கோடு போடவில்லை. பென்சில் கையிலேயே இருந்தது, பார்த்துக்கொண்டே இருந்தார்.

அறுபதாம் கல்யாணம் வந்தபோது அவர் இல்லை. பிள்ளைகள் பெரிதாகச் செய்தார்கள், போட்டோக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஐயர் தாலியை எடுத்து என் கையில் கொடுக்கும்போது மரகதம் சுவரோரம் ஒரு நாற்காலியைக் காலியாக விடச் சொன்னாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "எங்க கல்யாணத்தைப் பார்த்தவர் உட்கார்ற இடம்" என்றாள்.