சூடேறினால் கிளம்பாது

என் டீசல் கார் எனக்கு இழைத்த துரோகங்களைத் தேதி வரிசைப்படி சொல்கிறேன்.

முதலாவது, நூலக வாசலில். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் வந்தேன், கிளம்ப மறுத்தது. இரண்டாவது, பல் மருத்துவர் வாசலில். வாய் நிறையப் பஞ்சு. திட்டக்கூட முடியவில்லை. மூன்றாவது, என் பழைய ஆலை மேலாளரின் வீட்டெதிரே. அவரே இறங்கி வந்து தள்ளினார். முப்பது ஆண்டுகள் என்னிடம் அவதிப்பட்டவர், சிரித்துக்கொண்டே தள்ளினார். இதை வரலாறு மன்னிக்கலாம். நான் மன்னிக்க மாட்டேன்.

காலைக் குளிரில் சாவியைத் தொட்டாலே போதும், உறுமும். ஓடிச் சூடேறியபின் பத்து நிமிடம் நிறுத்தினால், 'கர்... கர்...' என்று இருமும், அவ்வளவுதான். அரைமணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும்.

நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தத்தை நடத்தியவன் நான். ஊரே என்னை 'முழக்கம்' என்றுதான் கூப்பிடும். ஓர் இயந்திரத்தின் வேலைநிறுத்தம் எனக்குப் புரியாதா? பேட்டரியை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டினேன். இரண்டு போல்ட் மிஞ்சின. உபரி உற்பத்தி என்று எடுத்து வைத்தேன். கார் மட்டும் திருந்தவில்லை.

"பேசாம அந்த டீசல் மெக்கானிக்கிட்ட காட்டிடுங்களேன்" என்றாள் மனைவி.

"யாரு, அந்தக் கருங்காலியா? நாங்க ஸ்டிரைக் பண்ணி வாசல்ல பட்டினி கிடந்தப்போ பின்வாசல் வழியா வேலைக்குப் போனவன்! அவன் பேரை ஆலை வாசல்ல நின்னு, சாட்சிகள் முன்னாடி சத்தமா வாசிச்சவன் நான். அவன் கடைப்படியை நான் மிதிக்கவா?"

"அது நடந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சுங்க."

"துரோகத்துக்கு வயசாகாது."

"வண்டிக்கு ஆகுதே."

"உனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

"சாவியைக் கண்ணுல காட்டினாத்தானே தெரியும்? லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷம். அலமாரியில தூங்குது."

அந்தச் சாவிதான் எங்கள் வீட்டின் ஆட்சி அதிகாரம். அதை யாருக்கும் தந்ததில்லை. ஆனால் சவால் என்றால் எனக்கு ரத்தம் கொதிக்கும். உடனே காகிதம் எடுத்து ஓர் ஒப்பந்தம் எழுதினேன். பழுதைக் கண்டுபிடிப்பவருக்கே சாவி, ஆயுள் முழுவதும். சாவி வைத்திருப்பவர் சொல்லும் இடத்துக்குத்தான் வண்டி போகும். தோற்றவர் பின்சீட்டில் உட்கார்ந்து, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். கடைசி ஷரத்தை அவளுக்காகவே ஆசையாகச் சேர்த்தேன். பக்கத்து வீட்டு ஆசிரியரும் என் மைத்துனனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. காரை நாற்பது நிமிடம் ஓட்டி, வாசலில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினேன். இருமல். சாட்சிகள் முன்னிலையில் என் மூன்று பக்க அறிக்கையை வாசித்தேன்: டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது! ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தினேன். டீசல் என் சட்டையில் புகுந்தது. நட்டை இறுக்கி மறுபடி திருகினேன். அதே இருமல்.

"முடிஞ்சுதா மாமா?" என்றான் மைத்துனன், மூக்கைப் பொத்தியபடி.

மனைவி ஒரு சொம்புத் தண்ணீரும் பழைய துண்டும் கொண்டுவந்தாள். துண்டை நனைத்து, மடித்து, டீசல் பம்பின்மேல் போட்டாள். காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல. ஐந்து நிமிடம் மைத்துனனோடு ஊர்க்கதை பேசினாள். சாவியைத் திருகினாள்.

கார் ஒரே உறுமலில் கிளம்பியது.

"பம்ப் தேஞ்சு போச்சு" என்றாள். "சூட்டுல டீசல் இளகிடுது. தேஞ்ச பம்ப் அதை அழுத்தித் தள்ள முடியாம தடுமாறுது. ஆறினா சரியாயிடுது."

"இது எப்படிம்மா உங்களுக்குத் தோணுச்சு?" என்றார் ஆசிரியர்.

"சூடேறினா நிறுத்தத் தெரியாத ஒருத்தரோட முப்பது வருஷம் குடித்தனம் பண்றேன் சார். சூடேறினா கிளம்பத் தெரியாதது எம்மாத்திரம்?"

நான் சாவியைக் கொடுத்தேன். உடனே வீட்டுக்குள் போனது டீசல் வாடை தாங்காமல்தான்.

மறுநாள் நான் பின்சீட்டில். மடியில் தண்ணீர்ச் சொம்பு, கையில் ஈரத்துண்டு; வழியில் வண்டி நின்றால் போடுவதற்கு. நிற்கவே இல்லை. நேராகப் போய் டீசல் மெக்கானிக் கடை வாசலில்தான் நின்றது.

"வாங்கக்கா!" என்று ஓடி வந்தான் அந்தக் கருங்காலி. "ஈரத்துண்டு வேலை செஞ்சுதா?"

"சதி!" என்று கத்தினேன். "இவன்கிட்ட கேட்டியா?"

"அவரு படியை மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்டது நீங்க. நான் எப்போ போட்டேன்? ஒப்பந்தத்துல எங்கேயாவது இருக்கா?"

பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். திருப்பியும் படித்தேன். இல்லை. எழுதியவன் நானே.

கடையில் ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். மெக்கானிக் வேலைச்சீட்டை எழுதி முடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவனுக்கும் எதுவும் மறக்கவில்லை. எல்லாரும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக வாசித்தான்:

"பழுதைக் கண்டுபிடித்தவர், அக்கா. வண்டியை ஓட்டி வந்தவர், அக்கா. துண்டு பிடித்து வந்தவர்... முழக்கம்!"