புதினா வைத்த பியெரோகி

இந்த ஆகஸ்டில் எப்படியாவது மனைவி தெக்லாவை ஒரு வாரம் கிராகோவுக்கு அனுப்பிவிடுவது என்று ஸெனோன் முடிவு செய்தான். அந்த நிமிஷத்திலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தபால்காரன், நடப்பதுதான் பிழைப்பு. இப்போது வீட்டுக்குள்ளும் நடந்தான்.

புனித யாட்செக் திருநாளன்று அவர்கள் கிராமத்தில் பியெரோகிப் போட்டி நடக்கும். மாவை வட்டம் வெட்டி, பூரணம் வைத்து, மடித்து வேகவைக்கிற அந்தச் சமாசாரத்துக்காகப் பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்கள் அங்கே உண்டு. ஜெயித்தவளுக்குக் கிராகோவின் பெரிய பியெரோகித் திருவிழாவில் ஒரு வாரம் தங்கிக் கலந்துகொள்ள இடம். ஊரில் எல்லாச் சமையலறையிலும் காபி குடித்தவன் என்பதால் இந்த வருஷம் ஸெனோனே நடுவர்.

தெக்லா இல்லாத ஒரு வாரம். செருப்போடு வீட்டுக்குள் வரலாம். நாள் முழுக்க ஆற்றங்கரையில் தூண்டில் போடலாம். எங்கே போனாய் என்று கேட்க ஆளிருக்காது.

ஒரே ஒரு சிக்கல். தட்டுகளில் நம்பர்தான் இருக்கும், பெயர் இருக்காது.

"இந்தத் தடவை என்ன பூரணம் வைக்கப் போற?" என்று மெதுவாக ஆரம்பித்தான்.

"போட்டியில இருக்கறவ நடுவர்கிட்ட சொல்லலாமா?"

"நடுவரா கேக்கல. புருஷனா கேக்கறேன்."

"புருஷனா இருந்தா மொதல்ல காலைத் துடைச்சுட்டு வா."

போட்டிக்கு முந்தின நாள் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அரை விரல் இடைவெளி. ஸெனோன் கண்ணை வைத்தான். மேஜைமேல் ஒரு கட்டுப் புதினா. துணியில் கட்டித் தொங்கவிட்ட பாலாடைக்கட்டி. அடுப்பில் காஷா என்கிற தானிய நொய் வெந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன தேடற?" உள்ளிருந்து தெக்லாவின் குரல்.

"தீப்பெட்டி."

"உன் சட்டைப் பையில இருக்கு."

இருந்தது. ஆனாலும் ஸெனோன் சீட்டியடித்துக்கொண்டே வெளியே போனான். காஷா, பாலாடைக்கட்டி, புதினா. போதும்.

மறுநாள் கோயில் முற்றத்தில் பதினோரு தட்டுகள் ஆவி பறக்க நின்றன. பாதிரியார் ஹிலாரி, பஞ்ச காலத்தில் யாட்செக் அடிகள் இந்தப் பியெரோகியைச் செய்து பட்டினி கிடந்தவர்களுக்குப் போட்டதாகச் சொல்லும் கதையை விஸ்தாரமாக எடுத்துவிட்டார். பட்டினி கிடந்தவர்கள் பாடு தேவலை என்று ஸெனோனுக்குத் தோன்றியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

முதல் தட்டில் பயறு. அடுத்ததில் புளித்த கோஸும் காளானும். மூன்றாவது நாவற்பழ நிறத்தில் ஏதோ ஒரு பழம், சட்டையில் வழிந்தது. நாலாவதில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், மேலே பொன்னிறமாக வதங்கிய வெங்காயம். ஸெனோன் கண்ணை மூடிக்கொண்டான். தட்டுக்கு ஒன்றுதான் கணக்கு. இதில் மூன்று தின்றான். பிறகுதான் பயம் பிடித்தது. இது தெக்லாவின் தட்டை ஜெயித்துவிட்டால்? அவசரமாகச் சீட்டில் எழுதினான்: 'மாவு செருப்புத் தோல். உப்பு இல்லை. கடைசி இடம்.'

ஏழாவதில் புதினா மணத்தது. மாவு கிழிந்திருந்தது, பூரணம் பாதி வெளியே. பதற்றத்தில் செய்திருப்பாள் என்று மன்னித்து முதலிடம் கொடுத்தான்.

பாதிரியார் சீட்டைப் பிரித்தார். "முதல் பரிசு, ஏழாம் தட்டு. லியோகாதியா அம்மா."

அடுத்த வீட்டு லியோகாதியா அழுதேவிட்டாள். ஸெனோன் மெல்ல நழுவப் பார்த்தான். பாதிரியார் விடவில்லை. மிச்சச் சீட்டுகளையும் உரக்கப் படித்தார். செருப்புத் தோல் வரைக்கும் படித்துவிட்டு, "நாலாம் தட்டு, தெக்லா" என்றார். முற்றமே சிரித்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தெக்லா கோபப்படவில்லை. அதுதான் அவனை உலுக்கியது.

"புதினா வாங்கி வச்சிருந்தியே" என்றான் கடைசியில்.

"வாங்கினேன். பூரணத்தை நான் செஞ்சு வேலிக்கு மேல லியோகாதியாகிட்ட கொடுத்தேன். மாவு மட்டும் அவ பிசைஞ்சா. அவளுக்கு மாவு வராது, பாவம்."

"அவளுக்கு எதுக்கு?"

"கிராகோவுல அவ அக்கா இருக்கா. பாத்து நாலு வருஷமாச்சு. எனக்கு அங்க யாரு இருக்கா?"

"நான் எட்டிப் பாத்தது..."

"பின்ன, கதவை அரை விரல் திறந்து வச்சது காத்து வர்றதுக்கா?"

 திட்டம் தோற்றதுகூட ஸெனோனுக்குப் பெரிதில்லை. மூன்று தின்ற அந்த ருசி இன்னும் நாக்கிலேயே நின்றது. அதை இனி எந்த வாயால் கேட்பது?

"லியோகாதியாவோட ஒம்பது ஆட்டையும் அந்த வாரம் நாமதான் பாத்துக்கணும்" என்றாள் தெக்லா.

"நாமளா?"

"நீதான். காலையில நாலரைக்கெல்லாம் பால் கறக்கணும். கஷ்டம் ஒண்ணுமில்ல, யார்கிட்டயும் சொல்லாம அந்த வாரம் பூரா லீவு வாங்கி வச்சிருக்கியே."